நாலுக்கு மேலே, நாலுக்குக் கீழே

புரொஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். முள்ளியவளை, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எங்கிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல், கதவு திறக்கும் முன்பே ஆய்வுகூட வாசலில் நிற்பார்கள். "ஐயா, இதற்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம்" என்று சொன்னால் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும். சீனிக்கும் கொழுப்புக்கும் இரத்தம் கொடுத்துப் பழகியவர்களுக்கு, பட்டினி கிடக்காமல் எடுக்கும் பரிசோதனை அவ்வளவு பெறுமதியானதாகத் தெரிவதில்லை.

யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டால், வைத்தியர் என்பவர்கள் குறைவு. மகன்தான் சொல்லியிருப்பான். மகன் டொரொன்டோவிலோ பாரிசிலோ இருப்பான். அவனோடு வேலை செய்யும் யாருக்கோ புரொஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்திருக்கும். அன்றிரவே வன்னிக்கு அழைப்பு: "அப்பா, நாளைக்கே போய் எடுங்கள்." என்ன பரிசோதனை என்று அப்பாவுக்குத் தெரியாது. கைத்தொலைபேசியில் வந்த மூன்று எழுத்தை எங்களிடம் நீட்டுவார். முடிவு வந்ததும் அந்தத் தாளைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்பார்: "தம்பி, நாலுக்கு மேலேயா, கீழேயா?"

நான் வைத்தியன் அல்லன். அரச வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் இரத்தம் எடுத்தும் சோதித்தும் காலத்தைக் கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகு கிளிநொச்சியில் ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்தில் காலை வேளைகளில் இருக்கிறேன். மருந்து சொல்வது என் வேலையல்ல. ஆனால் அந்த நாலு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று சொல்ல முடியும். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்கும்போது அதை விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புரொஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றிக்கொண்டு இருக்கிறது. விந்தை இளகவைப்பதற்காக அது சுரக்கும் ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. விந்தில் அது ஏராளம். இரத்தத்தில் இருக்கவேண்டியது மிகக் கொஞ்சம். சுரப்பியின் உள்ளமைப்புக் குலையும்போது கூடுதலாக இரத்தத்துக்குள் கசிகிறது. அந்தக் கசிவைத்தான் நாங்கள் ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை நானோகிராம் என்று அளக்கிறோம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். புற்றுநோய் வந்தாலும் கசியும். வயதோடு சுரப்பி பெருத்தாலும் கசியும். சலத்தில் கிருமி தொற்றினாலும் கசியும். புரொஸ்டேட்டில் ஏதோ நடக்கிறது என்பதற்கு மேல் அந்தப் புரதத்துக்கு எதுவும் சொல்லத் தெரியாது.

வரலாற்றில் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. 1970இல் ரிச்சர்ட் ஆப்ளின் என்ற அமெரிக்க ஆய்வாளர் புரொஸ்டேட்டுக்கே உரிய இத்தகைய பொருளொன்றைப் பற்றி எழுதினார். 1979இல் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் நிறுவன ஆய்வாளர்கள் புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1986இல் அமெரிக்க அரசு இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது, ஏற்கெனவே புற்றுநோய் என்று தெரிந்தவர்களைக் கண்காணிப்பதற்கு மட்டுமே. நோயைக் கண்டுபிடிக்க உதவியாக, ஐம்பது வயது கடந்த ஆண்களுக்கு, வைத்தியர் விரலால் செய்யும் பரிசோதனையோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1994இல்தான் வந்தது. நோயாளியைப் பின்தொடர்வதற்காகப் பிறந்த பரிசோதனை இது. இன்றைக்கும் அது உறுதியாக நிற்பது அந்த வேலையில்தான். நோயே தெரியாத ஒருவரிடம் நோயைத் தேடுவதற்குப் பயன்படுத்தும்போதுதான் தடுமாறுகிறது. எல்லா ஆண்களுக்கும் இதை எடுப்பதற்கு எதிராக ஆப்ளினே 2010இல் ஓர் அமெரிக்க நாளிதழில் கடுமையாக எழுதினார்.

நாலு நானோகிராம் வரை வழமை என்ற எல்லை எதையும் இரண்டாகப் பிளக்கும் கோடு அல்ல. நாலுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட எண் உள்ளவர்களுக்குத் திசு எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரியும். மற்ற மூவரும் வீணாகப் பயந்தவர்கள். மறுபக்கம் இன்னும் சங்கடமானது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் எண் நாலைத் தாண்டாத, விரல் பரிசோதனையும் வழமையாக இருந்த ஆண்களிடம் திசு எடுத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் புற்றுநோய் இருந்தது. ஆகவே 3.9 வந்தவர் கோயிலில் தேங்காய் உடைக்கவும், 4.1 வந்தவர் உயில் எழுதவும் காரணம் இல்லை. வயதுக்கேற்ற எல்லைகளும் உண்டு: நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என்று ஒரு பழைய கணக்கு. எழுபத்தைந்து வயதுக்காரரின் ஐந்துக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரரின் ஐந்துக்கும் ஒரே பதில் கிடையாது. எங்கள் தாளில் அச்சாகி வரும் 0–4 என்ற வரம்பு இவர்கள் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

மழைக்காலத்தில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் எத்தனை அடி என்று கிளிநொச்சியில் எல்லோரும் கேட்பார்கள். விஷயம் தெரிந்த கமக்காரன் அதோடு நிறுத்தமாட்டான். நேற்று எத்தனை, முந்தாநாள் எத்தனை என்று கேட்பான். பி.எஸ்.ஏ. தாளைக் கையில் வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான். போன வருடம் எவ்வளவு? பெரும்பாலானோரிடம் பதில் இல்லை, ஏனென்றால் போன வருடத்துத் தாள் இல்லை.

எண்ணைத் தற்காலிகமாக ஏற்றும் காரணங்களைக் கேட்காமல் ஊசி குத்துவதில்லை என்பது என் வழக்கம். சலம் எரிகிறதா, காய்ச்சலா? தொற்று இருந்தால் மருந்தெடுத்துக் குணமாகி ஏறத்தாழ ஆறு கிழமை போனபிறகு வாருங்கள் என்பேன். அண்மையில் சலம் அடைத்துக் குழாய் போட்டார்களா? அதுவும் எண்ணை எகிறவைக்கும். முந்திய இரண்டு நாட்களுக்குள் விந்து வெளியேறியதா என்றும் கேட்கவேண்டும். இதை எழுபது வயது ஐயாவிடம் கேட்கும்போது கூடவந்த மருமகள் கூரையைப் பார்ப்பாள், ஐயா நிலத்தைப் பார்ப்பார். ஆகவே இப்போது கூடவந்தவர்களை வெளியே இருத்திவிட்டுத்தான் கேட்கிறேன். அப்படிக் கேட்டால் பதில் நேராக வருகிறது, சில நேரம் ஒரு பெருமையோடும்.

பிறகு சைக்கிள். நீண்ட தூரம் சைக்கிள் ஓடினால் எண் கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் கடும் சைக்கிள் ஓட்டத்தை 48 மணிநேரம் தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டல்கள் இருக்கின்றன. வன்னியில் இந்த அறிவுரையைச் சொல்லிப்பாருங்கள். வயலுக்குச் சைக்கிள், கடைக்குச் சைக்கிள், விறகுக்குச் சைக்கிள், இரத்தம் கொடுக்க வந்ததும் சைக்கிள். தருமபுரத்திலிருந்து மிதித்து வந்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் என்னைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்" என்றார். எண் எல்லையோரமாக வந்தால் அதை மட்டும் நம்பி எதையும் தீர்மானிக்காமல், சில கிழமை கழித்து, ஓட்டம் இல்லாமல், இன்னொரு தடவை எடுங்கள் என்று சொல்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. முதல் தடவை கூடிய எண் இரண்டாம் தடவை தானாக இறங்குவது அபூர்வமல்ல.

மருந்துகளும் உண்டு. வீங்கிய சுரப்பியைச் சுருக்கக் கொடுக்கும் ஃபினாஸ்டரைட், டூட்டாஸ்டரைட் ஆகியவற்றை ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடர்ந்து எடுத்தவரின் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாகிவிடும். அவருடைய 3 உண்மையில் 6 என்று வாசிக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் முடி வளர்க்கும், நகம் வளர்க்கும் விற்றமின் குளிசைகளில் பயோட்டின் கூடிய அளவில் இருந்தால், சில வகை இயந்திரங்களில் முடிவு பொய்யாகக் குறைந்து வரலாம். என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று கேட்டால் வைத்தியசாலைக் குளிசையை மட்டும்தான் சொல்வார்கள். பார்சலில் வந்ததையும் சொல்லுங்கள்.

எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, சலக்குழாயோடு வாழ்கிறவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். அன்றைக்கு இளைஞர்களாக இருந்தவர்களில் பலர் இன்று நாற்பதுகளையும் ஐம்பதுகளையும் எட்டிவிட்டார்கள். நிரந்தரக் குழாயும் அடிக்கடி வரும் தொற்றும் உள்ள ஒருவரின் பி.எஸ்.ஏ.யைச் சாதாரண வரம்போடு ஒப்பிட்டுப் பயப்படுத்துவது அநியாயம். அந்தத் தாளைச் சலநோய் நிபுணர்தான் வாசிக்கவேண்டும்.

அடுத்தது உடம்புக்குள் இருக்கும் இரும்பு. முன்பெல்லாம் எண் கூடினால் நேரே மலவாசல் வழியாக ஊசி போட்டு ஒரு பன்னிரண்டு இடத்தில் திசு எடுப்பார்கள். இப்போது வசதி உள்ள இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான புள்ளி இருந்தால் அதைக் குறிவைத்துத் திசு எடுப்பதே நல்ல முறை என்று 2017, 2018இல் வந்த பிரித்தானிய, பன்னாட்டு ஆய்வுகள் காட்டின. பலருக்குத் திசு எடுப்பதையே தவிர்க்க முடிகிறது. நல்ல செய்திதான். ஆனால் எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்டவர்களின் தோளிலும் தொடையிலும் இடுப்பிலும் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. இரும்புத் துண்டு காந்தத்தில் அசையலாம், சூடாகலாம். இடுப்புக்கருகில் இருந்தால் படத்தையும் கெடுக்கும். துண்டு இருக்கிறது என்று முன்கூட்டிச் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தீர்மானிப்பார்கள், பலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடியதாகவே இருக்கும். கேட்கும் படிவம் உண்டு. ஆனால் படிவத்தில் "உடலில் உலோகம் உண்டா" என்று இருந்தால் எங்கள் ஆட்கள் இடுப்புச் சங்கிலியைக் கழற்றிவிட்டு "இல்லை" என்று எழுதுவார்கள். காயம் பட்டதைச் சொல்ல இன்னும் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே, எப்போது, எப்படி என்று கேட்பார்களோ என்ற பயம். எக்ஸ்ரே அறையில் அப்படி யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

பி.எஸ்.ஏ. எடுப்பது நல்லதா கெட்டதா என்று மேற்கு நாடுகளில் நீண்ட சண்டை நடக்கிறது. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையான 1,60,000க்கும் மேற்பட்ட ஆண்களை 23 வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்த நோயால் வரும் மரணம் 13 வீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. பிரித்தானியாவில் சுரப்பிக்குள்ளேயே நோய் நின்ற 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சத்திரசிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு என்று 15 வருடம் பார்த்தார்கள். மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேரளவில்தான். இதன் பொருள், பரிசோதனையில் பிடிபடும் பல புற்றுநோய்கள் சோம்பேறிகள். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, சலம் கசிவதையும் ஆண்மை போவதையும் விலையாகக் கொடுக்கும் மனிதர்கள் அந்த நாடுகளில் நிறைய. அதனால்தான் அமெரிக்க நிபுணர் குழு 2012இல் வேண்டவே வேண்டாம் என்றது. 2018இல் கொஞ்சம் இறங்கி, 55 முதல் 69 வரை வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள், 70க்கு மேல் வேண்டாம் என்றது.

இந்தச் சண்டை நியாயமானது. ஆனால் வன்னியில் நான் பார்த்தவை வேறு. இங்கே வருத்தம் கூடுதலாகச் சோதிப்பதால் வருவதில்லை. நாரியில் நோவோடு, கடைசிப் பஸ்ஸில் வருவதால் வருகிறது.

என் மாமா மல்லாவிக்கு அப்பால் வவுனிக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர், அம்மாவின் தம்பி. அறுபத்தெட்டு வயதில் நாரிப்பிடிப்பு என்று தொடங்கியது. நெல்லு மூடை தூக்கிய வினை என்றார். பரியாரி எண்ணெய் கொடுத்தார். மாமி இரவிரவாகத் தேய்த்துவிட்டார். இரவில் சலத்துக்கு நாலைந்து தடவை எழும்புவதை, "வயது போனால் அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். புரொஸ்டேட் புற்றுநோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. இரவில் எழுப்புவது பொதுவாகச் சாதாரண வீக்கமே. ஆனால் படுத்தாலும் தீராத, இரவில் கூடும் நாரி நோவு வயதான ஆணுக்கு வந்தால், அது மூடை தூக்கிய நோவு என்று தீர்மானிக்கும் முன் ஒரு தடவை சோதிக்கவேண்டும். இந்த நோய் எலும்பை விரும்பித் தேடிப் போகும், அதிலும் முள்ளந்தண்டை. நான் சொன்னேன். காலபோக வெட்டு முடியட்டும் என்றார். வெட்டு முடிந்தது, நெல்லுக் காய்ந்தது, விற்றது, கடன் கொடுத்தது. பிறகு வந்தார்.

இரத்தத்தை நான்தான் எடுத்தேன். கையை நீட்டச் சொன்னபோது நெல் உமி இன்னும் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் அதைத் துடைத்தபிறகுதான் நரம்பு தெரிந்தது. மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்து, உறையவிட்டு, சுற்றிப் பிரித்து, மேலே நின்ற வைக்கோல் நிறத் திரவத்தைக் குளிர்ப்பெட்டியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். முடிவு 186 என்று வந்தது. நூறைத் தாண்டிய எண் வந்தால் ஆய்வுகூடக்காரனுக்குத் திசு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உள்ளுக்குள் தெரிந்துவிடும். மாமாவிடம், "கூடுதலாக இருக்கிறது, பெரிய டொக்டரிடம் போவோம்" என்று மட்டும் சொன்னேன். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பிலும் நாரி எலும்பிலும் வெள்ளைத் திட்டுகள். திசு முடிவில் கிளீசன் 4+5. டொனால்ட் கிளீசன் என்ற நோயியலாளர் 1960களில் வகுத்த தரம். 3+3 என்பது சோம்பேறி, 4+5 என்பது அவசரக்காரன்.

இந்த இடத்தில் பி.எஸ்.ஏ. தன் பிறவிக் குணத்தைக் காட்டத் தொடங்குகிறது. புரொஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோன். அதை நிறுத்தினால் நோய் பின்வாங்கும் என்று 1941இல் சார்ள்ஸ் ஹகின்ஸ் காட்டினார். 1966இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நிறுத்த இரண்டு வழி. மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி ஒன்று. விதைகளை அகற்றும் சிறிய சத்திரசிகிச்சை மற்றது. ஊசியில் ஒரு கவனம் வேண்டும்: முதல் ஒன்றிரண்டு கிழமை ஓமோனைக் கூட்டிவிட்டுத்தான் குறைக்கும். அதனால் முன்னதாக, ஓமோனின் வேலையைத் தடுக்கும் பைகலுட்டமைட் குளிசை கொடுப்பார்கள், முள்ளந்தண்டில் நோய் உள்ளவருக்கு முக்கியமாக. வைத்தியர் இரண்டையும் விளக்கினார். மாமா சத்திரசிகிச்சையைத் தெரிந்தார். "மூன்று மாதத்துக்கு ஒருதடவை ஊசிக்கு அலைய என்னால் முடியாது. இனி எனக்கென்ன பிள்ளை பெறுகிற யோசனையா?" மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். 2022இல் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் நாடு தவித்தபோது, ஊசியைத் தேடி வாகனம் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்தேன். மாமாவின் தெரிவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

186 மூன்றாம் மாதத்தில் 4.2 ஆனது. ஏழாம் மாதத்தில் 0.9. நாரி நோவு ஒரு மாதத்துக்குள்ளேயே விட்டிருந்தது. மறுபடி வரம்பு கட்டப் போய்விட்டார். உடம்பு திடீரென்று தீயாய்க் காயும், வியர்த்துக் கொட்டும். ஓமோன் போனதன் விளைவு அது. மாமா அதை வெயில் என்றே வைத்துக்கொண்டார். வன்னி வெயிலில் வித்தியாசம் கண்டுபிடிப்பதும் கடினம்தான்.

வெளியில் சொல்லாத ஒரு கணக்கு என்னிடம் இருந்தது. நோய் பரவியவர்களுக்கு ஓமோனை நிறுத்தி ஏழாம் மாதத்தில் பி.எஸ்.ஏ. எவ்வளவு என்று பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது. 0.2 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டிய காலம், 75 மாதம், 0.2க்கும் 4க்கும் இடையில் 44 மாதம். நாலுக்கு மேல் நின்றவர்களுக்கு 13 மாதம். நாலு என்ற எண் இங்கே மறுபடி வருகிறது, வேறு வேடத்தில். மாமா நடு வரிசையில் இருந்தார். அந்தக் கணக்கு இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தியது என்பதால், அதை நானே முழுதாக நம்பவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டது ஒன்றுதான்: உழவு இயந்திரத்துக்கு லீசிங் போடலாமா என்று. போடலாம் என்றேன்.

இரண்டு வருடத்துக்குக் கிட்ட எண் 0.8இலேயே நின்றது. பிறகு 1.4. அடுத்த மூன்றாம் மாதம் 2.9. அடுத்தது 5.6. நோவு இல்லை, பசி குறையவில்லை, எடை அப்படியே. ஆளைப் பார்த்தால் எதுவும் தெரியாது. தாளைப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு ஒருதடவை இரட்டிக்கிறது. மிகக் குறைந்த எண்ணிலிருந்து 25 வீதமும், அதோடு 2 நானோகிராமும் கூடி, மறுபடி எடுத்தும் உறுதியானால் ஓமோன் தடுப்பை நோய் மீறிவிட்டது என்று கொள்வார்கள். ஒற்றைத் தாளாக 2.9 மட்டும் யாருக்காவது கிடைத்திருந்தால், "நாலுக்குக் கீழேதானே" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். புரொஸ்டேட் நோயாளி அல்லாதவருக்கு அச்சடித்த வரம்பு, சிகிச்சையில் இருப்பவருக்குப் பொருந்தாது. இதைத்தான் எல்லோரிடமும் கத்திச் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

வைத்தியர் உடம்பில் ஆண் ஓமோன் உருவாவதையே தடுக்கும் அபிரட்டரோன் குளிசையைத் தொடங்கினார், கூடவே பிரட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை. அபிரட்டரோனை மட்டும் உண்மையிலேயே வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும்; சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பு பல மடங்கு கூடுதலாக உறிஞ்சிவிடும். இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் ஈரலும் பார்த்துக்கொள்ளவேண்டும். இப்போது எண் 1.7இல் நிற்கிறது.

வவுனியாவில் ஓர் ஓய்வு பெற்ற அதிபர் இருக்கிறார். நேரத்தோடு கண்டுபிடித்துத் தெல்லிப்பழையில் கதிர்வீச்சு எடுத்தவர். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கும் நடந்து பணம் சேர்த்து எழுப்பிய புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் அங்கேதான் இருக்கிறது. தென்பகுதி ஆட்களும் காசு போட்டார்கள் என்பதை அவர் எப்போதும் சொல்வார். ஒருநாள் பதறிக்கொண்டு அழைத்தார். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்த நண்பருக்கு எண் 0.1க்கும் கீழே, தனக்கு 0.4, ஆகவே தனக்கு நோய் மீண்டுவிட்டது என்றார். சத்திரசிகிச்சையில் சுரப்பியே போய்விடுகிறது. இரத்தத்திலுள்ள பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பாதியாகிச் சில கிழமையில் இல்லாமற் போகவேண்டும், பிறகு 0.2ஐ எட்டி, இரண்டாம் தடவையும் உறுதியானால் கவலைப்படவேண்டும். கதிர்வீச்சில் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. எண் மெதுவாக, ஒன்றிரண்டு வருடமெடுத்து இறங்கும், நடுவில் ஒருதடவை துள்ளவும் செய்யும். இறங்கிய அடிமட்டத்திலிருந்து 2 கூடினால்தான் நோய் மீண்டது என்பார்கள். அதிபருக்கு இதை விளக்கியதும், "அப்படியென்றால் நான் பாஸ்" என்றார்.

ஒரு கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. எண்பத்திரண்டு வயது ஐயா, எந்த வருத்தமும் இல்லை, இலண்டனில் இருக்கும் மகன் சொன்னதால் வந்திருக்கிறார். நான் மகனிடம் தொலைபேசியில் பேசினேன். "கூடுதலாக வந்தால் என்ன செய்யப்போகிறீர்கள்? இந்த வயதில் திசு எடுக்க அனுப்புவீர்களா, சத்திரசிகிச்சைக்குச் சம்மதிப்பீர்களா?" மகன் பேசவில்லை. அந்த எண்ணை வைத்து எதுவும் செய்யமாட்டோம் என்றால் அந்த எண் வேண்டாம். ஐயாவுக்குச் சீனி மட்டும் பார்த்து அனுப்பினேன். ஒரு பரிசோதனைக் காசை இழந்ததற்கு முதலாளி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அதேவேளை, ஐம்பத்தைந்து வயதில், தகப்பனுக்கோ தமையனுக்கோ இந்த நோய் இருந்த ஒருவர் வந்தால், அவர் கேட்காவிட்டாலும் வைத்தியரிடம் பேசச் சொல்கிறேன். நெருங்கிய இரத்த உறவில் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. நோவோ, எலும்பு வலியோ, சலத்தில் இரத்தமோ உள்ளவருக்கு வயது வரம்பே கிடையாது. நோய் ஏற்கெனவே முள்ளந்தண்டில் உள்ளவருக்குக் கால் இரண்டும் திடீரென்று தளர்ந்தால், சலமோ மலமோ கட்டுப்பாட்டை மீறினால், பி.எஸ்.ஏ. எடுக்க என்னிடம் வரவேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மணித்தியாலக் கணக்கில் கால் போய்விடும்.

தாள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மன்னார்ப் பக்கத்திலிருந்து முல்லைத்தீவுக் கரைவரை இடம்பெயர்ந்து, பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்த எங்கள் சனத்துக்குக் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் பொலித்தீனில் சுற்றிக் காப்பாற்றத் தெரியும். கிளினிக் கொப்பி அந்தச் சுற்றுக்குள் வருவதில்லை. பி.எஸ்.ஏ. தாளையும் உறுதியோடு சேர்த்து வையுங்கள். தாளின் பின்புறத்தில் திகதி, எந்த ஆய்வுகூடம், அந்த நேரம் குடித்த மருந்து, அண்மையில் தொற்றோ குழாயோ இருந்ததா என்று எழுதுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் முடிவு வேறுபடும், அந்த வேறுபாட்டை நோயின் ஏற்றம் என்று நினைத்துப் பதறவேண்டிவரும். கட்டற்ற பி.எஸ்.ஏ. என்று இன்னொன்றும் உண்டு, இரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியே ஓடும் பங்கு அது. எண் நாலுக்கும் பத்துக்கும் இடையில் தவிக்கும்போது உதவும். மொத்தத்தில் 10 வீதத்துக்குக் குறைந்தால் சந்தேகம் கூடும், 25 வீதத்துக்கு மேலிருந்தால் குறையும். ஆனால் அது சீக்கிரம் சிதைந்துவிடும். இரத்தத்தை உடனே பிரித்துக் குளிரில் வைக்காத இடத்தில் அதை எடுத்துப் பயனில்லை. முல்லைத்தீவு வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அரைநாள் கிடந்த குழாயிலிருந்து வரும் வீதத்தை நான் நம்பமாட்டேன்.

மாமாவின் அடுத்த இரத்தம் மாசி மாதத்துக்கு விழுகிறது. அந்தக் கிழமைதான் வெட்டு மெஷின் தன் வயலுக்கு வருகிறது, முடிந்ததும் வருகிறேன் என்கிறார். நான் தை கடைசியிலேயே எடுத்துவிடலாம் என்கிறேன். மாமி என் பக்கம்.